‘சட்டயர்’ என்ற சொல்லில் உரசிப் பார்த்த சொல்மூலத் தளங்கள்

ஒரு சொல்மூல அகராதி தேறுமா தேறாதா என்று பார்க்க நூறு சொல் தேட வேண்டியதில்லை. ‘சட்டயர்’ ஒன்றைத் தேடினால் போதும். அங்கதம், அதாவது கேலியால் சாடும் எழுத்து, என்ற பொருளில் ஐரோப்பாவின் பெரிய மொழிகள் அனைத்திலும் இருக்கும் இலக்கியச் சொல் அது. பிரெஞ்சில் ஸத்தீர், ஜெர்மனில் ஸத்தீரெ, இத்தாலியிலும் ஸ்பானியத்திலும் ஸாத்திரா, ரஷ்யத்தில் ஸத்தீரா. எல்லாம் இலத்தீனிலிருந்து வந்தவை. ஆனால் இலத்தீனில் அது எந்தச் சொல்லிலிருந்து பிறந்தது என்பதில் பெரிய படிப்பாளிகளே நூற்றாண்டுக் கணக்கில் வழுக்கி விழுந்திருக்கிறார்கள். அந்த வழுக்கலை ஒரு தளம் எப்படிச் சொல்கிறது என்று பார்த்தாலே அதன் தரம் பிடிபட்டுவிடும்.

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் உயர்தரத்துக்கு ஆங்கில இலக்கியமோ கிரேக்க உரோம நாகரிகமோ எடுத்திருப்பவர்களையும், அவர்களுக்குப் படிப்பிப்பவர்களையும், மொழிபெயர்ப்பில் கை வைப்பவர்களையும் மனதில் வைத்துத்தான் இந்த மதிப்பீடு. பெரும்பாலானவர்கள் கையில் இருப்பது ஒரு ஃபோனும் கொஞ்சம் டேட்டாவும். அதனால் காசு கட்டத் தேவையில்லாத தளங்களையே எடுத்திருக்கிறோம்: எட்டிமொன்லைன், ஆங்கில விக்சனரி, பிரெஞ்சுக்கு சி.என்.ஆர்.டி.எல்., ஜெர்மனுக்கு டி.டபிள்யூ.டி.எஸ்., இலத்தீனுக்கு லொகெயோன். கூகுள் பெட்டியையும் ஒக்ஸ்போர்ட் பேரகராதியையும் பற்றி கடைசியில் இரண்டு வார்த்தை.

சரியான விடை என்ன?

தளங்களை மதிப்பிடுவதற்கு முன் விடை நம் கையில் இருக்க வேண்டும். இலத்தீனில் ‘ஸத்துர்’ என்றால் நிறைந்த, வயிறு நிரம்பிய. அதன் பெண்பால் வடிவம் ‘ஸத்துரா’. ‘லாங்க்ஸ்’ என்பது தட்டு. ‘லாங்க்ஸ் ஸத்துரா’ என்றால் நிறைதட்டு, அதாவது முதல் விளைச்சலில் பலவகையை ஒன்றாகக் குவித்துத் தெய்வத்துக்கு வைக்கும் தட்டு. கோயில் படையல் தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நாளடைவில் ‘தட்டு’ உதிர்ந்துபோய் ‘ஸத்துரா’ மட்டும் பெயர்ச்சொல்லாக நின்றது.

4ஆம் நூற்றாண்டு இலக்கணக்காரர் தியோமேதெஸ் இந்தச் சொல்லுக்கு நாலு விளக்கம் எழுதி வைத்திருக்கிறார். ஒன்று மேலே சொன்ன தட்டு. இன்னொன்று ‘ஸத்துரா’ என்ற பெயரில் இருந்த ஒரு பூரணம். அதன் சேர்மானத்தை உரோம அறிஞர் வர்ரோ சொன்னதாகவே தருகிறார்: உலர்ந்த முந்திரிகை (திராட்சை), பார்லி நொய், பைன் மரத்துப் பருப்பு, இவற்றின் மேல் தேன் கலந்த வைன் தெளிக்க வேண்டும், சிலர் மாதுளை முத்தும் சேர்ப்பார்களாம். மூன்றாவது, சம்பந்தமில்லாத பல விஷயங்களை ஒரே மசோதாவில் திணித்து நிறைவேற்றும் சட்டம். அந்தத் தந்திரத்தைக் கி.மு. 98 இல் உரோமில் தனிச் சட்டம் போட்டே தடுத்தார்கள். மூன்றுக்கும் பொதுவாக இருப்பது கலவை. நாலாவது விளக்கம்தான் வில்லங்கம். அதற்குப் பிறகு வருவோம்.

பழைய உரோமக் கவிஞர் எந்நியுஸ் ‘ஸத்துரா’ என்று எழுதியபோது அது பல யாப்பில், பல விஷயத்தில் அமைந்த கவிதைக் கதம்பம். கேலி அதில் கட்டாயம் கிடையாது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் லூசிலியுஸ் கையில்தான் அது ஆட்களைப் பெயர் சொல்லிச் சாடும் வடிவமாக மாறுகிறது. பிறகு ஹொரேஸ், பெர்சியுஸ், ஜுவெனல். ‘ஸத்துரா முழுக்க முழுக்க எங்களுடையது’ என்று உரோமப் பேச்சுக்கலை ஆசிரியர் குவின்டிலியன் பெருமைப்பட்டது இந்த வரிசையைப் பார்த்துத்தான். மற்ற வடிவங்களைப் போல் இது கிரேக்கத்திடம் வாங்கியது இல்லை என்பது அவருடைய வாதம். ஆக, சொல் நடந்த படிகள் இவை: நிறைந்த, நிறைதட்டு, கலவை, கவிதைக் கதம்பம், சாடும் கவிதை, கடைசியில் எந்த வடிவத்திலும் வரும் அங்கதம்.

இனி அந்த நாலாவது விளக்கம். கிரேக்கப் புராணத்தில் ‘ஸாட்டிர்’ என்றொரு காட்டுப் பிறவி உண்டு. பாதி மனிதன், பாதி விலங்கு, மதுவும் கூத்தும்தான் வேலை. ஏதென்ஸில் துன்பியல் நாடகங்கள் முடிந்ததும் இந்த ஸாட்டிர்களைக் கோரஸாக வைத்து ஒரு கேலி நாடகம் போடுவார்கள். உச்சரிப்பும் கிட்ட, கேலியும் கிட்ட. உடனே ‘ஸத்துரா’வும் அங்கிருந்துதான் வந்தது என்று முடிச்சுப் போட்டுவிட்டார்கள். சொல் ‘ஸத்திரா’ என்று மாறிய பிறகு, கிரேக்க வழக்கத்தில் நடுவே ‘ஒய்’ எழுத்தைப் போட்டு எழுதும் பழக்கமும் வந்தது. எழுத்துக்கூட்டல் மாறினால் கருத்தும் மாறும். 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், இது காட்டுப் பிறவியின் பேச்சு, அதனால் கரடுமுரடாகவும் விளங்காமலும்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தே எழுதினார்கள். அந்தக் கரடுமுரடு போன போக்கில் 1599 இல் கன்டபரி பேராயரும் லண்டன் ஆயரும் சேர்ந்து அங்கதக் கவிதை அச்சிடுவதையே தடை செய்தார்கள்.

முடிச்சை அவிழ்த்தவர் கிரேக்க, இலத்தீன் அறிஞர் ஐசக் கசோபோன். 1605 இல் பாரிஸில் வெளிவந்த இலத்தீன் நூலில், கிரேக்க ஸாட்டிர் நாடகம் வேறு, உரோமரின் ஸத்துரா வேறு என்று நிறுவினார். 1693 இல் ஆங்கிலக் கவிஞர் டிரைடன் அதை ஆங்கில வாசகருக்குக் கொண்டுவந்தார். 1755 இல் சாமுவேல் ஜோன்சன் தன் அகராதியில், ‘ஸாட்டிரிலிருந்து வந்தது அல்ல’ என்று தலைச்சொல்லுக்குப் பக்கத்திலேயே எழுதி வைத்துவிட்டார். 1755 இலேயே அகராதியில் ஏறிவிட்ட உண்மையை இன்றைய தளம் ஒன்று தவறவிட்டால் அதை மூடிவிட்டுப் போகலாம்.

எட்டிமொன்லைன்

அமெரிக்காவில் டக்ளஸ் ஹார்ப்பர் என்ற தனி ஆள் தொகுத்த தளம். ஃபோனில் இதைத்தான் முதலில் திறக்கச் சொல்வோம். பக்கம் பெரும்பாலும் எழுத்துதான், படங்கள் குறைவு. அதனால் தோட்டத்துப் பள்ளத்தாக்கில் ஒரு கோடு சிக்னல் இருந்தாலும் திறக்கும். விளம்பரம் உண்டு. செயலியும் இருக்கிறது.

‘சட்டயர்’ பதிவு இங்கே நன்றாகவே இருக்கிறது. பிரெஞ்சு வழியாகவும் நேரே இலத்தீனிலிருந்தும் வந்தது, பழைய வடிவம் ஸத்துரா, லாங்க்ஸ் ஸத்துரா என்றால் பலவகைப் பழம் நிறைந்த தட்டு, கிரேக்க ஸாட்டிர் நாடகத்தோடு முடிச்சுப் போட்டது தவறான எண்ணத்தால். எல்லாம் ஒரே பத்தியில். கிளை பிரியும் இடத்தை மறைக்காமல் சொல்கிறது என்பதால் முதல் மதிப்பெண் இதற்குத்தான்.

இதன் பெரிய பலம் வேர்ப் பக்கங்கள். பதிவின் நடுவே நட்சத்திரக் குறி போட்ட ஒரு வடிவம் தெரியும். அதைத் தொட்டால், இந்தோ ஐரோப்பிய மூலமொழியின் (ஐரோப்பிய மொழிகள் பலவற்றுக்கும் தாய்மொழி) அந்த வேரிலிருந்து கிளைத்த ஆங்கிலச் சொற்கள் ஒரு பட்டியலாக வரும். ‘நிரம்பச் செய்’ என்ற பொருள் கொண்ட இந்த வேரின் பட்டியலில் ‘சட்டிஸ்ஃபை’, ‘சச்சுரேட்’, ‘அசெட்’ எல்லாம் நிற்கின்றன. துக்கத்தைச் சொல்லும் ‘சாட்’டும் நிற்கிறது. முதலில் அதற்குப் பொருள் ‘நிரம்பிய’; நிரம்பி, கனத்து, களைத்து, பிறகு சோகமாகியிருக்கிறது.

வாசகர்கள் பிழை விடுவதும் இங்கேதான். நட்சத்திரக் குறி என்றால் எங்கும் எழுதிக் கிடைக்காத, அறிஞர்கள் மீட்டுருவாக்கிய வடிவம் என்று அர்த்தம். அதைக் கண்ணால் கண்ட சொல் போல் கட்டுரையில் எழுதக்கூடாது. அடுத்து, பட்டியலில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் ‘சாட்’ இலத்தீனிலிருந்து வந்தது என்று மாணவர்கள் எழுதிவிடுகிறார்கள். வரவில்லை. ‘சட்டயர்’ இலத்தீனிடம் வாங்கிய கடன்சொல். ‘சாட்’ ஆங்கிலத்தின் சொந்தச் சொல், ‘ஸத்துர்’ அதற்கு ஒன்றுவிட்ட உறவு மட்டுமே. பதிவில் ‘ஃப்ரொம்’ என்று இருந்தால் கடன் அல்லது வழிவந்தது. ‘சோர்ஸ் ஒல்சோ ஒஃப்’, ‘கொக்னேட்’ என்று இருந்தால் உறவு. இந்த இரண்டையும் பிரித்துப் படிக்கத் தெரிந்தால் பாதிப் பிழை குறையும்.

வருடக் கணக்கிலும் கவனம் தேவை. ‘சி’ எழுத்தும் புள்ளியும் போட்டு 1500 என்று இருந்தால் ‘1500 வாக்கில்’ என்று பொருள். ‘14சி’ என்றால் 14ஆம் நூற்றாண்டு. இரண்டும் சொல் பிறந்த நாள் அல்ல, எழுத்தில் கிடைத்த மிகப் பழைய சான்றின் காலம். பேச்சில் அதற்கு முன்னரே இருந்திருக்கலாம்.

குறை என்று பார்த்தால், எந்தத் தகவல் எந்த நூலிலிருந்து என்று வரிக்கு வரி சொல்வதில்லை. ஆதார நூல்களின் பட்டியல் ஒரு தனிப் பக்கத்தில் மொத்தமாக இருக்கிறது. பல்கலைக்கழகக் கட்டுரைக்கு இதை மட்டும் மேற்கோள் காட்டினால் விரிவுரையாளர் திருப்பிக் கொடுக்கத்தான் செய்வார். இன்னொன்று, இது ஆங்கிலச் சொற்களின் அகராதி. போலிஷ் மொழியில் இந்தச் சொல் என்ன வடிவம் எடுத்தது என்று கேட்டால் பதில் கிடையாது.

தோட்டப்புறத்து வாசகருக்கு ஒரு கொசுறு. இதில் ‘லைன்’ என்று தேடிப் பாருங்கள். இலத்தீன் ‘லீனெயா’, ஆளி நாரில் திரித்த நூல். ‘லீனும்’ என்றால் ஆளிச்செடி. லினன் துணி அதே குடும்பம். வரிசைவரிசையாகக் கட்டிய அறைகளுக்குத் துரைமார் ‘லைன்’ என்று பெயர் வைக்க, நம் வாயில் அது லயனாகி லயமாகிவிட்டது.

ஆங்கில விக்சனரி

சொல் எத்தனை மொழியில் பரவியிருக்கிறது என்று பார்க்க இதற்கு ஈடு கிடையாது. ஆனால் நுழையும் முறை தெரியாவிட்டால் குழம்பிப் போவீர்கள். ஒரே எழுத்துக்கூட்டலில் உள்ள எல்லா மொழிச் சொற்களும் ஒரே பக்கத்தில் இருக்கும். ஆங்கிலம் மேலே, மற்றவை அகரவரிசையில் கீழே. ஆங்கில ‘சட்டயர்’ தேடினால் அதே பக்கத்தில் பிரெஞ்சுச் சொல்லும் வரும். அவசரத்தில் உருட்டிக்கொண்டு போய் வேறு மொழியின் சொல்மூலத்தைக் குறித்துக்கொள்வது சாதாரணமாக நடப்பது. பக்கத்தின் உள்ளடக்கப் பட்டியலைத் திறந்து, வேண்டிய மொழியின் பெயரைத் தொட்டுப் போங்கள்.

செய்ய வேண்டியது இப்படி. ஆங்கிலப் பதிவில் சொல்மூலப் பகுதியைப் படியுங்கள். ஸாட்டிர் குழப்பம் அங்கேயும் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அங்கிருந்து இலத்தீன் வடிவத்தைத் தொட்டு இலத்தீன் பக்கத்துக்குப் போங்கள். இலத்தீன் பதிவுகளில் ‘டிசென்டன்ட்ஸ்’ என்ற தலைப்பைத் தேடுங்கள். அந்தச் சொல்லிலிருந்து எந்தெந்த மொழிக்கு என்னென்ன போனது என்பது அங்கே கொடிவழியாக இருக்கும். அது போதாவிட்டால் ஆங்கிலப் பதிவுக்குத் திரும்பி மொழிபெயர்ப்புப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

அந்தப் பெட்டியில்தான் சுவாரசியம். ஆங்கிலமும் பிரெஞ்சும் ஜெர்மனும் அங்கதத்துக்கு ‘ஐ’யும் காட்டுப் பிறவிக்கு ‘ஒய்’யும் போட்டு இரண்டையும் பிரித்துவிட்டன. இத்தாலியிலும் ஸ்பானியத்திலும் இரண்டுக்குமே ‘ஐ’தான். கடைசி எழுத்து ‘ஏ’ என்றால் அங்கதம், ‘ஓ’ என்றால் காட்டுப் பிறவி. ரஷ்யத்தில் கடைசி ‘ஆ’ இருந்தால் அங்கதம், இல்லாவிட்டால் ஸாட்டிர். போலிஷ் மட்டும் அங்கதத்துக்கு இன்றும் ‘ஒய்’ போட்டே எழுதுகிறது. கசோபோன் நூல் வந்து 400 வருடம் தாண்டியும் அந்த மொழியின் எழுத்துக்கூட்டலில் பழைய பிழை பத்திரமாக இருக்கிறது. இப்படி ஒன்றை ஒரே திரையில் காட்டுவதற்காகவே விக்சனரிக்கு இடம் கொடுக்கலாம்.

யாரும் திருத்தலாம் என்பதால் தரம் மேடும் பள்ளமும்தான். சில பதிவுகளில் நூல் ஆதாரம் அடிக்குறிப்பாக இருக்கும், சிலவற்றில் ஒரு வரிகூட இராது. சொல்மூலப் பகுதி முழுமையற்றது என்று குறிப்புப் போட்டிருந்தால் அந்தப் பதிவை விட்டுவிடுங்கள். சந்தேகம் வந்தால் ‘ஹிஸ்டரி’ பக்கத்தைத் திறந்து, சொல்மூலப் பகுதியை யாராவது அண்மையில் மாற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். தமிழ் விக்சனரியை இந்த வேலைக்கு நம்பிப் போக வேண்டாம். பொருள் தேட உதவும், சொல்மூலம் பெரும்பாலும் இருக்காது.

சிக்னல் எட்டாத டிவிஷன்களில் இருப்பவர்களுக்கு விக்சனரியைச் சிபாரிசு செய்ய வேறொரு காரணமும் இருக்கிறது. கிவிக்ஸ் என்ற இலவசச் செயலியில் முழு விக்சனரியையும் இறக்கி வைத்து நெட் இல்லாமலே பார்க்கலாம். படங்கள் இல்லாத பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். சொல்மூலத்துக்குப் படம் தேவையில்லை. அப்படியும் கோப்பு பல ஜிபி வரும். டவுனில் நல்ல வைஃபை கிடைக்கும் இடத்திலோ இரவுநேர டேட்டாவிலோ இறக்குவதுதான் புத்தி. மெமரி கார்டில் போடுபவர்களுக்கு இங்கே ஒரு பொறி காத்திருக்கிறது: கார்டு ‘ஃபாட் 32’ முறையில் ஃபோர்மட் செய்யப்பட்டிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை அது ஏற்காது. இடம் தாராளமாக இருந்தும் இறக்கம் பாதியில் நின்றுவிடும், காரணமும் புரியாது. கார்டை ‘எக்ஸ்ஃபாட்’ முறைக்கு மாற்றுங்கள். மாற்றும்போது கார்டில் உள்ளதெல்லாம் அழியும், படங்களை முதலில் வேறு இடத்துக்கு எடுத்து வையுங்கள். கோப்பைத் தனியாக இறக்கிச் செயலிக்குக் காட்டுவதைவிட, செயலிக்குள்ளிருந்தே இறக்குவது சிக்கல் குறைவு.

சி.என்.ஆர்.டி.எல்.

பிரெஞ்சு அரசின் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த, நான்சி நகரத்துத் தளம். 1971 முதல் 1994 வரை 16 தொகுதிகளாக வந்த பிரெஞ்சுப் பேரகராதி முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது. பல ஆங்கில இலக்கியச் சொற்கள் பிரெஞ்சு வழியாகத்தான் வந்தன என்பதால் இடைப்படியைச் சரிபார்க்க இங்கே வந்தாக வேண்டும். சொல்லைத் தட்டியதும் மேலே வரிசையாகத் தாவல்கள் வரும். ‘எத்திமொலொஜி’ என்ற தாவலைத் தொட்டால் வரலாற்றுப் பகுதி மட்டும் தனியே திறக்கும்.

இதன் மேன்மை, பொருள் வாரியாகத் தேதி பிரிப்பது. எந்தப் பொருளில், எந்த நூலில், எப்போது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சான்று. எட்டிமொன்லைனில் ஒரு பத்திக்குள் அடங்குவது இங்கே விரித்து வைக்கப்பட்டிருக்கும். இரண்டு தளத்தில் இரண்டு தேதி வந்தால் யாரோ ஒருவர் தவறு என்று முடிவு கட்ட வேண்டாம். ஒருவர் இலத்தீன் கவிதை வகை என்ற பொருளுக்கும் மற்றவர் பொதுவான கேலி என்ற பொருளுக்கும் தேதி கொடுத்திருக்கலாம்.

எல்லாம் பிரெஞ்சில் என்பதுதான் தடை. உலாவியின் தானியங்கி மொழிபெயர்ப்பைப் போட்டால் இன்னும் மோசம். விளக்கத்தை மட்டும் மாற்றாமல் தலைச்சொல்லையும் பழைய வடிவங்களையும் சேர்த்து மொழிபெயர்த்துவிடும். எந்த வடிவத்திலிருந்து எந்த வடிவம் வந்தது என்பதே விஷயமாக இருக்கும்போது அது கழுத்தறுப்பு. மூலப் பக்கத்தை ஒன்றில் திறந்து வைத்துக்கொண்டு மொழிபெயர்ப்பை இன்னொன்றில் பாருங்கள், தமிழைவிட ஆங்கிலத்துக்கு மாற்றினால் சேதம் குறைவு. உண்மையில் அரை டஜன் சுருக்கக் குறி தெரிந்தாலே முக்கால்வாசி விளங்கும். ‘ஆம்ப்ர்.’ என்றால் கடன் வாங்கியது, ‘தெர்.’ என்றால் வழிவந்தது, ‘லாத்.’ இலத்தீன், உரோம எண்ணுக்குப் பின்னால் தனி ‘எஸ்’ என்றால் நூற்றாண்டு.

டி.டபிள்யூ.டி.எஸ்.

பெர்லின் அறிவியல் கழகத்தின் ஜெர்மன் அகராதி. வொல்ஃப்காங் ஃபைஃபரின் சொல்மூல அகராதியை ஒவ்வொரு பதிவின் கீழும் இணைத்திருக்கிறார்கள். ஜெர்மனில் இந்தச் சொல் 16ஆம் நூற்றாண்டில் வாங்கிய கடன். கூடவே ‘ஸட்’ என்றும் தேடுங்கள். ‘வயிறு நிரம்பிய’ என்ற பொருளில் ஜெர்மன்காரர் தினமும் சொல்லும் சொல். அது கடன் இல்லை, ஆங்கில ‘சாட்’டின் கூடப்பிறந்தது. கடன்சொல்லும் இனச்சொல்லும் ஒரே மொழியில் அக்கம்பக்கமாக நிற்பதைக் காட்ட வகுப்பில் இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஜெர்மன் தெரியாதவர்களுக்கு வேறு பெரிய பயன் இல்லை.

லொகெயோன்

சிக்காகோ பல்கலைக்கழகத்தின் இலத்தீன், கிரேக்க அகராதித் தொகுப்பு. ஒரு சொல்லைத் தட்டினால் பல அகராதிகளின் பதிவுகள் ஒரே இடத்தில் வரும். முதலில் பார்க்க வேண்டியது 1879 இல் வந்த லூயிஸ், ஷோர்ட் அகராதி. பழைய இலத்தீன் ஆசிரியர்கள் சொல்லை எங்கே, எப்படிக் கையாண்டார்கள் என்பதற்கு இடம் சுட்டி மேற்கோள் தரும். மற்றத் தளங்கள் ‘லாங்க்ஸ் ஸத்துரா’ என்று சொல்லிவிட்டுப் போகும் இடத்தில், சான்று எங்கே இருக்கிறது என்று காட்டுவது இதுதான்.

தேடும்போது ஒரே வடிவத்தோடு நிற்காதீர்கள். ‘ஸத்திரா’, ‘ஸத்துரா’, ‘ஸத்துர்’ மூன்றையும் தட்டிப் பாருங்கள். பழைய அகராதிகள் ஒரு வடிவத்திலிருந்து மற்றதற்குத் தள்ளிவிடும், முழு விளக்கம் ஏதாவது ஒன்றின் கீழ்தான் இருக்கும். அடைப்புக்குள் ‘எஸ்சி’ என்ற சுருக்கமும் ‘லாங்க்ஸ்’ என்ற சொல்லும் வந்தால், அந்தச் சொல் எழுதப்படாமல் தொக்கி நிற்கிறது என்று அர்த்தம். தட்டு உதிர்ந்த கதை அந்த இரண்டெழுத்துக்குள் அடங்கிவிடுகிறது.

மேற்கோளுக்கு லூயிஸ், ஷோர்ட்டை நம்பலாம். வேர் விளக்கத்துக்கு நம்பக்கூடாது. 1879க்குப் பிறகு இந்தோ ஐரோப்பிய ஒப்பியல் எவ்வளவோ தூரம் போய்விட்டது. ஸத்துராவுக்குப் பழைய இத்தாலியின் எத்ருஸ்க மொழியில் வேர் தேடும் கருத்தும் அறிஞரிடையே உண்டு. நிறைதட்டு விளக்கம் பரவலாக ஏற்கப்பட்டது என்றாலும் வழக்கு முற்றாக மூடப்படவில்லை. கட்டுரையில் ‘பெரும்பாலோர் கருத்துப்படி’ என்று ஒரு தொடர் சேர்ப்பது நல்லது.

இலத்தீன் என்றதும் மலையகத்துக்குத் தூரத்துச் சமாசாரம் என்று தோன்றும். அப்படியில்லை. 1893 இல் கண்டியில் தொடங்கிய பாப்பரசர் குருமடம் 1955 இல் பூனேக்கு இடம் மாறும்வரை இங்கேதான் இருந்தது. இந்தியாவிலிருந்து வந்த குருமாணவர்கள் அம்பிட்டி மேட்டில் இலத்தீனோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

கூகுள் பெட்டி, ஒக்ஸ்போர்ட்

கூகுளில் சொல்லோடு ‘எட்டிமொலொஜி’ என்று சேர்த்துத் தேடினால் மேலே ஒரு சின்னப் பெட்டி வரும். பிரெஞ்சு அல்லது இலத்தீன், 16ஆம் நூற்றாண்டின் தொடக்கம், கவிதைக் கதம்பம் என்ற அளவில் சொல்லும். பிழையில்லை. ஆனால் தட்டும் இல்லை, ஸாட்டிர் குழப்பமும் இல்லை. அவசரத்துக்கு மட்டும். செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் கேட்ட உடனே அழகான பத்தியாகச் சொல்லும், நடுவே இல்லாத வருடத்தையும் அதே துணிச்சலோடு சொல்லும். அவற்றில் கிடைத்த எந்தத் தேதியையும் மேலே சொன்ன ஏதாவது ஒரு தளத்தில் பார்க்காமல் எழுதாதீர்கள்.

ஒக்ஸ்போர்ட் பேரகராதிதான் ஆங்கிலத்துக்கு இறுதி நீதிமன்றம். சுருக்கத் தகவல் கொஞ்சம் இலவசமாகத் தெரியும், முழுப் பதிவுக்குச் சந்தா வேண்டும். ஒரு பாடசாலை மாணவர் இதற்காகத் தனியாகக் காசு கட்டுவது வீண். பல்கலைக்கழகத்தில் இருப்பவர்கள் தங்கள் நூலகத்துக்குச் சந்தா இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

யாருக்கு எது?

சாதாரணதரத்தில் ஆங்கில இலக்கிய நயம் படிப்பவருக்கு எட்டிமொன்லைன் ஒன்றே போதும், அதிலும் முதல் மூன்று வரி. உயர்தரத்துக்கு எட்டிமொன்லைனோடு விக்சனரியின் மொழிபெயர்ப்புப் பெட்டி. கிரேக்க உரோம நாகரிகம் எடுத்தவர்கள் லொகெயோனைப் பழகாமல் விடக்கூடாது. பல்கலைக்கழகக் கட்டுரைக்கு சி.என்.ஆர்.டி.எல். தேதியும் லொகெயோன் மேற்கோளும் சேர்ந்தால் பலமாக இருக்கும்.

விடைத்தாளில் அடிக்கடி வரும் ஒரு பிழையையும் சொல்லிவிட வேண்டும். ‘சட்டயர் என்றால் நிறைதட்டு, ஆகவே அது பலவற்றைக் கலந்துதான் எழுதப்பட வேண்டும்’ என்று எழுதுவது. வேர்ப்பொருள் இன்றைய பொருளுக்குக் கட்டளை போடாது. சொல் நடந்த படிகளைக் காலவரிசையில் காட்டுங்கள், அதற்குத்தான் மதிப்பெண். தமிழோடு ஒப்பிட விரும்பினால் தொல்காப்பியச் செய்யுளியலில் அங்கதம் செம்பொருள், கரந்தது என்று இரண்டாகப் பிரிக்கப்பட்டிருப்பதைக் காட்டலாம். லூசிலியுஸின் பெயர் சொல்லும் தாக்குதல் முதல் வகைக்குப் பொருந்தும். தொண்டைமானின் ஆயுதங்கள் பளபளவென்று இருப்பதாகப் புகழ்ந்து, போரே காணாதவை என்று சொல்லாமல் சொன்ன ஔவையாரின் 95ஆம் புறப்பாட்டு இரண்டாவதற்கு. பொருளில் ஒப்பிடலாம், சொல்மூலத்தில் இரண்டுக்கும் தொடர்பில்லை. அதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

தமிழில் புகுந்த ஐரோப்பியச் சொற்களைத் தேடுபவர்களுக்கு இந்த ஐந்தில் எதுவும் நேரடியாக உதவாது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் சிக்காகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாக இருக்கிறது. சாவி, அலமாரி போன்றவை போர்த்துக்கீசியத்திலிருந்து வந்தவை என்று அங்கே குறித்திருப்பார்கள். அந்தப் போர்த்துக்கீசிய வடிவத்தை எடுத்துக்கொண்டு விக்சனரிக்குப் போனால் சாவி ‘கிளாவிஸ்’ வரைக்கும் அலமாரி ‘ஆர்மாரியும்’ வரைக்கும் போய் இலத்தீனில் நிற்கும். அலுவலகத்தைச் சொல்லும் கந்தோருக்கு டச்சு வழியாகப் போக வேண்டும், இடையில் பிரெஞ்சில் ஒரு நிறுத்தம் உண்டு, கடைசியில் கணக்குப் பார்ப்பதைச் சொல்லும் ‘கொம்புத்தாரெ’. கம்ப்யூட்டரும் அங்கிருந்து வந்ததுதான்.